வாடகைக் கணக்கு

முஹ்ஸின் மௌலவியின் குரலைக்
கிண்ணியாவில் எல்லாருக்கும் முன்னால் கேட்டவன் நான்.
ஜும்ஆவுக்கு அரை மணி இருக்கையில்
மிம்பரில் ஏறி மெல்ல பிஸ்மி சொல்வார்.
வெளியே வேப்பமரத்தடியில் ஆம்ப்ளிஃபையரோடு குந்தியிருந்து
கொஞ்சம் ட்ரெபிளைக் குறைப்பேன்.
குறைக்கத் தேவையில்லாத குரல்.
என் கைக்கும் ஒரு வேலை வேண்டுமே.

ஒரு வெள்ளிக்கிழமை குத்பாவில் சொன்னார்:
ஐஸ்கட்டியை மீனோடு சேர்த்து நிறுக்கிறவன்
உருகிப்போவதை விற்றுக்
கரையாததை வாங்கிக்கொண்டு போகிறான்.
முதல் ஸஃப்பில் வாடி முதலாளி
குனிந்து கைக்குட்டையைத் தேடினார்.
அன்றைக்கே நினைத்தேன்
இந்த மனிசனை யாராவது கொண்டுபோய்விடுவார்கள் என்று.
கொண்டுபோனது அதே முதலாளிதான்.
போஸ்டர் செலவு முழுக்க அவருடையது.

மாகாண சபை. விருப்பு இலக்கம் பதினொன்று.
ஆட்டோ கூரையில் நான் கோன் ஸ்பீக்கர் கட்டும்போது
பக்கத்தில் வந்து நின்றார்.
"பள்ளி மைக்க இதுக்கு எடுக்காதீங்க. வேற வாங்குங்க."
அதை நான் மறைக்கக் கூடாது, அப்படித்தான் சொன்னார்.
வாங்கினேன். ஆறாயிரத்து ஐந்நூறு.
கொப்பியில் முதல் வரி அதுதான்.

மூதூர்க் கூட்டத்தில்தான் முதன்முதலாகக் கேட்டார்:
"எனக்கும் ஒரு பொக்ஸ் வைங்க, என்னப் பாத்து."
பாட்டுக்காரர்கள் கேட்பது அது.
பதினாறு வருஷம் மிம்பரில் நின்றவருக்குத்
தன் குரல் தனக்குக் கேட்க வேண்டியிருந்ததில்லை.
வைத்தேன். பேச்சு நடுவில்
அந்தப் பெட்டியைப் பார்த்தே சிரித்தார்.

வென்றார்.
திருகோணமலைச் சபை மண்டபத்துக் கலரியில்
இரவல் சப்பாத்தோடு உட்கார்ந்திருந்தேன்.
அங்கே மைக்குக்கு என்னைப் போல ஆள் இல்லை.
பொத்தான், சிவப்பு லயிட், ஐந்து நிமிஷம்.
கரைவலைக்காரரின் நிவாரணம் பற்றிப் பேசி
ஓர் ஆயத்தை எடுத்தார்.
பாதியில் லயிட் அணைந்தது.
உதடு மட்டும் ஓதி முடித்தது.
நிறுத்தியவர் மேல் எனக்கு வந்த கோபம்
அரசியல் கோபம் அல்ல.
வசனத்தின் நடுவில் வெட்டுவது
எங்கள் தொழிலில் பாவம்.

ஒரு வாய்க்கால் வந்தது. பாலர் பாடசாலைக்குக் கூரை வந்தது.
மருமகனுக்குப் பிரதேச சபையில் கதிரை வந்தது.
ஆலங்கேணிக் கோயில் கிணற்றுக்கும்
தன் ஒதுக்கீட்டில் காசு கொடுத்தார்.
நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் ஒட்டினார்கள்.
"தண்ணிதானே" என்றார், அவ்வளவுதான்.
எனக்கு நெஞ்சு நிறைந்தது.
அடுத்த தேர்தலில் இருபத்தாறு மேடை போட்டேன்.
இருபத்தாறிலும்
அந்தக் கிணறு வரவில்லை.

பிறகு சபையின் காலம் முடிந்தது.
அடுத்த தேர்தல் இந்தா வருது இந்தா வருது என்று
வருஷங்கள் போயின.
தகரவேலியில் ஒட்டிய பதினொன்று வெயிலில் வெளுத்து
இப்போது ஒன்று.
பள்ளிக்குப் புது மௌலவி,
சட்டையில் கொழுவும் மைக்கைத் தானே கொண்டுவந்திருக்கிறார்.
வேப்பமரத்தடியில் எனக்கு வேலையில்லை.
முஹ்ஸின் மௌலவி நாலாம் ஸஃப்பில், தூண் பக்கம்.
ஹஸ்ரத் என்கிறார்கள் சிலர், மெம்பர் என்கிறார்கள் சிலர்.
இரண்டுக்கும் திரும்புகிறார்,
கொஞ்சம் பிந்தி.

போன மாதம் என் மச்சானின் ஜனாஸா.
மையவாடியில் அவரைத்தான் துஆ ஓதச் சொன்னோம்.
கரன்ட் இல்லை, மைக் இல்லை, கடற்காற்று.
பின்னால் யாரோ "கேக்கல்ல" என்றான்.
அவர் சத்தம் கூட்டவில்லை.
மண்ணுக்குள் இருப்பவனுக்குக் கேட்டால் போதும் என்பது போல
குனிந்தே ஓதினார்.
பொக்கெட்டுக்குள் என் விரல்கள்
இல்லாத ஒரு குமிழைத் தேடித் திருகின.

திரும்பும் வழியில் செருப்பு மணலைத் தட்டிக்கொண்டே கேட்டார்:
"உங்களுக்கு நான் எவ்வளவு தர வேணும்?"
நாற்பத்தோராயிரத்து இருநூறு.
"கொப்பி வீட்ட, பாத்துச் சொல்றன் ஹஸ்ரத்" என்றேன்.
கொப்பி
சட்டைப் பையில் இருந்தது.